வன்னிப் பாடசாலைகளில் உதவி ஆசிரியர்களின் குறைந்தபட்சச் சம்பளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வன்னிப் பகுதியில், அதாவது முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா மாவட்டங்களின் அரச பாடசாலைகளில் மிகச் சிறிய தொகைக்கு, சில இடங்களில் ஒரு சதமும் இல்லாமல், வகுப்பெடுத்துக்கொண்டிருப்பவர்களின் சம்பளம் பற்றிப் பெற்றோரும் இளைய ஆசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்து, எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன். நான் 2011 தொடக்கம் ஏழு ஆண்டுகள் தொண்டர் ஆசிரியராக இருந்து, அதன் பின்னரே நிரந்தர நியமனம் பெற்றவள். ஆகையால் இந்த விடயத்தில் நான் ஒரு பக்கத்தைச் சார்ந்தே எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உதவி ஆசிரியர் என்று இங்கே யாரைக் குறிப்பிடுகிறீர்கள்?

பழைய கடிதங்களில் அதிபர், பிரதி அதிபர் தவிர்ந்த எல்லா ஆசிரியரையுமே உதவி ஆசிரியர் என்று எழுதுவது வழக்கம். இங்கே நான் அந்தச் சொல்லை இன்னும் குறுகிய பொருளில் பயன்படுத்துகிறேன்: பாடசாலையில் நேரசூசியில் பாடவேளை ஒதுக்கப்பட்டு, முழு ஆசிரியரின் வேலையைச் செய்து, சம்பள வரிசையின் அடியில் அல்லது அந்த வரிசைக்கே வெளியில் நிற்பவர்கள்.

இவர்களில் முதலாமவர்கள் தொண்டர் ஆசிரியர்கள். இவர்களுக்கு அரசு எதுவும் கொடுப்பதில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ பழைய மாணவரோ சேர்த்துக் கொடுக்கும் தொகைதான் வருமானம். அடுத்தவர்கள், பட்டதாரிப் பயிலுனராக எடுக்கப்பட்டுப் பாடசாலைகளில் இணைக்கப்பட்டு, பின்னர் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பதவிப் பெயரில் நிரந்தரமாக்கப்பட்டவர்கள். கற்பிப்பது ஆசிரியரைப் போல, பதவி வேறு சேவையில். இவர்களோடு இலங்கை ஆசிரியர் சேவையின் மிகக் கீழ்ப்படியான 3ஆம் வகுப்பின் இரண்டாம் தரத்தில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்கிறேன். மூன்று தரப்பினரின் பிரச்சினையும் ஒன்றல்ல. எனினும், ஒரே ஓய்வறையில் ஒரே மேசையைச் சுற்றி இருந்து கொப்பி திருத்துகிற மூன்று பேருக்கு மூன்று விதமான மாத முடிவு என்ற நிலையைத்தான் நான் பேச வருகிறேன்.

கோரிக்கை சுருக்கமாக என்ன?

அரச பாடசாலை ஒன்றில் அதிபர் ஒருவருக்கு நேரசூசியில் பாடம் ஒதுக்கி வகுப்பை ஒப்படைத்தால், அந்த நாளிலிருந்து அவருக்கு அரச சேவையின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்துக்கும் வாழ்க்கைச் செலவுப் படிக்கும் குறையாத தொகை அரசின் கணக்கிலிருந்து கிடைக்க வேண்டும். அவருடைய பதவிப் பெயர் என்னவாக இருந்தாலும் சரி. சம்பளம் வேலையைப் பார்த்து வர வேண்டும்; பெயரைப் பார்த்து வரக்கூடாது. நிரந்தர ஆசிரியர்களின் சம்பள முரண்பாடு தொடர்பான கோரிக்கை இதனோடு சேர்ந்ததே. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

அரச ஊழியரின் குறைந்தபட்சச் சம்பளம் 40,000 ரூபாய் ஆகிவிட்டதே? இனி என்ன குறை?

2025 பெப்ரவரி 17 அன்று முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், அரச சேவையின் குறைந்தபட்ச மாத அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாக உயர்த்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. இது நல்ல செய்திதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

40,000இலிருந்து 24,250ஐக் கழித்தால் 15,750. இந்தத் தொகைக்குள், அதற்கு முன்னரே தனிப் படிகளாகக் கிடைத்துக்கொண்டிருந்த 7,500 ரூபாய் அடக்கம். ஆகவே வரிசையின் அடியில் இருப்பவரின் கையில் உண்மையில் கூடுவது 8,250 ரூபாய். அதிலும் 5,000 ரூபாயும் மிகுதியின் 30 சதவீதமும் 2025 ஏப்ரலில். எஞ்சிய 70 சதவீதம் இரண்டாகப் பிரிக்கப்பட்டு 2026 ஜனவரியிலும் 2027 ஜனவரியிலும். அதாவது ஏப்ரலில் 5,975 ரூபாயும், அதன் பின்னர் இரண்டு தடவைகளில் தலா ஆயிரத்து நூற்றுச் சொச்சமும். வருடாந்தச் சம்பள ஏற்றமும் 80 சதவீதத்தால் கூட்டப்பட்டு, அடிமட்டத்தில் 250 ரூபாயாக இருந்தது 450 ரூபாய் ஆனது. இவற்றோடு 2024இல் 7,800 ரூபாயிலிருந்து 17,800 ரூபாயாக உயர்த்தப்பட்ட வாழ்க்கைச் செலவுப் படியையும் சேர்த்தால், மூன்று கட்டங்களும் முடியும்போது கழிவுகளுக்கு முன் 57,800 ரூபாய் வருகிறது. அரசே வகுத்த அடிக்கோடு அதுதான். ஒரு காரியாலய உதவியாளருக்கும் அதற்குக் குறைவாகக் கொடுக்க முடியாது.

அந்தக் கோட்டை அரசு இழுத்த பிறகும் அதன் கீழே வகுப்பறையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்பதே எங்கள் குறை. நியமனக் கடிதம் இல்லாதவருக்கு இந்தச் சுற்றறிக்கைகள் எதுவும் பொருந்துவதில்லை.

தொண்டர் என்று பெயர் வைத்துக்கொண்டு சம்பளம் கேட்பது முறையா? விரும்பித்தானே வந்தார்கள்?

இந்தக் கேள்வியை நல்ல மனதோடும் கேட்கிறார்கள், வேறு மனதோடும் கேட்கிறார்கள். எப்படிக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்.

நான் வேலை தொடங்கியபோது எங்கள் பாடசாலைக்குச் சுவர் இல்லை. போர் முடிந்து, செட்டிகுளத்து இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய பின், தறப்பாளால் மூடிய ஒரு கொட்டிலில் மூன்று வகுப்புகள் நடந்தன. அதிபரும் இரண்டு நிரந்தர ஆசிரியர்களும் மட்டுமே இருந்தார்கள். எங்களில் ஐந்து பேரை அதிபர் வீட்டுக்கு வந்து கேட்டுக் கூட்டிப் போனார். கணிதமும் விஞ்ஞானமும் எனக்குத் தரப்பட்டன. காலை 7.30க்குப் பாடசாலை தொடங்கும். நிரந்தர ஆசிரியர்கள் வரவுப் பதிவேட்டில் ஒப்பமிடுவார்கள்; நாங்கள் நூற்றறுபது பக்கச் சீ.ஆர். கொப்பி ஒன்றில் ஒப்பமிடுவோம். 7.30 ஆனதும் அதிபர் பதிவேட்டில் சிவப்புக் கோடு இழுப்பார். அதே பேனாவால், அதே அடிமட்டத்தை வைத்து, எங்கள் கொப்பியிலும் இழுப்பார். பிந்தி வந்தால் எங்களுக்கும் விளக்கம் எழுத வேண்டும். பாடக் குறிப்பு எழுத வேண்டும், தவணைப் பரீட்சை வினாத்தாள் தயாரிக்க வேண்டும், விளையாட்டுப் போட்டிக்கு இல்லம் பொறுப்பெடுக்க வேண்டும், வலயத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்தால் கொப்பிகளைக் காட்ட வேண்டும். மாதக் கடைசியில் மட்டும் நாங்கள் தொண்டர்கள்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கம் எனக்குத் தந்தது மாதம் 3,000 ரூபாய். அதுவும் வயல் வெட்டு முடிந்து பெற்றோரிடம் காசு புழங்கும் மாதங்களில் முழுதாக வரும். மற்ற மாதங்களில் பாதி வரும், அல்லது வராது. சங்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். கொடுத்தவர்களும் கூரையில்லாத வீட்டில் இருந்தவர்களே.

ஊர் இடிந்து கிடந்தபோது பிள்ளைகளுக்காக ஓராண்டு, ஈராண்டு சம்பளமில்லாமல் நிற்பது தொண்டு. அதில் எங்களுக்கு மனக்குறை இல்லை. ஆனால் பாடசாலைக்கு மாடிக் கட்டடம் எழுந்து, திறன் பலகை வந்து, பெயர்ப்பலகையும் புதிதாகிய பின்னரும் அதே ஆள் அதே நிலையில் நின்றால், அதைத் தொண்டு என்ற சொல்லால் மூடக்கூடாது.

இப்போது ஒரு தொண்டர் ஆசிரியர் எப்படி வாழ்கிறார்?

ஒட்டுசுட்டான் பக்கத்தில் எனக்கு நன்கு தெரிந்த ஒரு தங்கச்சி இருக்கிறாள். பெயரைத் தவிர்க்கிறேன். உயர்தரத்தில் கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு. வெளிவாரியாகப் பட்டப்படிப்பையும் தொடர்கிறாள். ஆரம்பப் பிரிவில் கற்பிக்கிறாள். மாதம் 5,000 ரூபாய் கிடைக்கிறது. மாதத்தில் இருபது பாடசாலை நாட்கள் என்று வைத்தால் நாளுக்கு 250 ரூபாய். தனியார் துறை ஊழியருக்குச் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் மாதம் 27,000 ரூபாயாகவும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாயாகவும், நாட்கூலியென்றால் 1,200 ரூபாயாகவும் ஆக்கப்பட்டுள்ளது. நாட்டின் சட்டம் ஒரு நாள் உழைப்புக்கு வைத்த மிகக் குறைந்த விலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அவளுக்கு.

பாடசாலைக்கு அவள் சைக்கிளில்தான் போகிறாள். காட்டோரப் பாதை, யானை நிற்கிறதா என்று முன்னால் போன மோட்டார் சைக்கிள்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் சில காலைகளில் புறப்படுவாள். கச்சான் பிடுங்கும் காலத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தாயோடு கூலிக்குப் போவாள். அந்த இரண்டு நாட் கூலி, பாடசாலையில் ஒரு கிழமை நின்று பெறுவதை விடக் கூட. திங்கட்கிழமை வெண்கட்டி பிடிக்கும்போது நகக்கண்ணில் மண் இருக்கும். அந்த மண்ணைப் பற்றி அவளுக்கு வெட்கமில்லை, எனக்கும் இல்லை. ஆனால் வகுப்பில் இருக்கும் பெண் பிள்ளைகள் அந்தக் கையைப் பார்த்து, படித்தாலும் இவ்வளவுதான் என்று நினைத்துவிடக்கூடாதே என்று அவள் ஒருநாள் சொன்னாள். அதன் பின்னர்தான் இந்தப் பதில்களை எழுத வேண்டுமென்று தீர்மானித்தேன்.

நிரந்தர ஆசிரியர்களுக்குத்தான் மாதாமாதம் சம்பளம் வருகிறதே. அவர்கள் ஏன் போராடுகிறார்கள்?

ஒரே அளவு தகுதியுள்ள வேறு அரச சேவைகளோடு ஒப்பிட்டால் ஆசிரியர், அதிபர் சம்பளம் பின்தங்கி நிற்கிறது என்ற முறைப்பாடு 1990களின் பிற்பகுதியிலிருந்தே இருந்து வருகிறது. இதை ஆராய்ந்த சுபோதினி குழு திருத்தம் ஒன்றைப் பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வராத நிலையில் 2021 ஜூலையில் நாடு முழுவதும் ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினர். மூன்று மாதங்களுக்கு மேல் அந்தப் போராட்டம் நீடித்தது. அதன் பலனாக, சுபோதினி குழு சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு 2022 ஜனவரி தொடக்கம் சம்பளத்தில் சேர்க்கப்பட்டது. மிகுதி மூன்றில் இரண்டு பங்கைக் கேட்டு 2024 ஜூன் 26 அன்று ஆசிரியர்கள் சுகவீன விடுமுறைப் போராட்டம் நடத்தியபோது, கொழும்பில் அவர்கள் மீது நீர்த்தாரையும் கண்ணீர்ப் புகையும் பிரயோகிக்கப்பட்டன.

கிடைத்த மூன்றில் ஒரு பங்குக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த உயர்வு கைக்கு வந்த அதே 2022இல் பொருளாதாரம் சரிந்தது. ஜூன் மாதத்தில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். வவுனியாவிலிருந்து நெடுங்கேணிக்கு மோட்டார் சைக்கிளில் போய்வந்த ஆசிரியருக்கு, கூடிய சம்பளம் தாங்கிக்கே போய்விட்டது.

ஆகவே நிரந்தர ஆசிரியரின் கோரிக்கையும் தொண்டர் ஆசிரியரின் கோரிக்கையும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. இதை எங்கள் நிரந்தர ஆசிரியர்களில் சிலருக்கே நான் சொல்ல வேண்டியிருக்கிறது. கீழே உள்ள வேலைக்கு 5,000 ரூபாய்க்கு ஆள் கிடைக்கும் வரை, மேலே உள்ளவரின் வேலைக்கும் மதிப்புக் கூடாது.

அபிவிருத்தி உத்தியோகத்தராகப் பாடசாலையில் இருப்பவர்களின் நிலை என்ன?

இவர்களில் பலர் பட்டதாரிப் பயிலுனராக மாதம் 20,000 ரூபாய்ப் படியுடன் தொடங்கியவர்கள். இன்று அரச சம்பளம் கிடைக்கிறது; அந்த வகையில் தொண்டர் ஆசிரியரை விட நிலை நல்லது. ஆனால் கற்பிக்கும் ஆண்டுகள் ஆசிரியர் சேவையில் கணக்கெடுக்கப்படுவதில்லை. ஆசிரியருக்குரிய சம்பள அளவுத்திட்டமும் பதவி உயர்வு வழியும் அவர்களுக்கு இல்லை. ஆசிரியர் சேவைக்குள் தங்களை உள்வாங்குமாறு பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். பாடவேளை எடுப்பவரை ஆசிரியர் என்று எழுதுவதில் என்ன தடை இருக்கிறது என்பது எனக்கு இதுவரை விளங்கவில்லை.

அரசு இப்படிக் குறைந்த படியோடு ஆட்களை எடுத்து, பின்னர் நிரந்தரமாக்கிய முன்னுதாரணம் உண்டா?

உண்டு, அதில் நல்ல பாடமும் இருக்கிறது, கெட்ட பாடமும் இருக்கிறது. மலையகத்தின் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஏறத்தாழ மூவாயிரம் பேர் ஆசிரியர் உதவியாளர் என்ற பெயரில் எடுக்கப்பட்டனர். முதலில் அவர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் மட்டுமே. நீண்ட முறைப்பாட்டுக்குப் பின்னர் 10,000 ரூபாய் ஆனது. ஆசிரியர் கலாசாலைகளில் பயிற்சியை முடித்த பின்னரே சேவையில் சேர்க்கப்பட்டனர். வீட்டை விட்டுத் தூரத்தில் தங்கி, சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்கும் அந்தத் தொகையில் செலவழித்துப் பயிற்சி பெற்றவர்களின் கதை எங்கள் ஊர்களுக்கும் நன்கு தெரியும். 1977 இனக் கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்களுக்கு அது சொந்தக்காரரின் கதை.

நல்ல பாடம், கற்பித்துக்கொண்டே பயிற்சி பெறவும் அதன் முடிவில் சேவைக்குள் நுழையவும் ஒரு வழி திறந்தது. கெட்ட பாடம், அந்த வழியில் நடக்கும் காலத்துக்குக் கொடுத்த தொகை. வன்னிக்கு அதே வழியைக் கேட்கிறோம். அதே தொகையைக் கேட்கவில்லை.

வடக்கு முழுவதும் உள்ள பிரச்சினைதானே? வன்னியை மட்டும் ஏன் பிரித்துப் பேச வேண்டும்?

யாழ்ப்பாணத்தில் ஒரு பாடத்துக்கு ஆசிரியர் இல்லையென்றால் பிள்ளை பின்னேரம் தனியார் வகுப்புக்குப் போகும். துணுக்காய், மடு, வவுனியா வடக்கு, முல்லைத்தீவு வலயங்களின் உட்புறக் கிராமங்களில் அந்த வசதி இல்லை. பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லையென்றால் அந்தப் பிள்ளைக்கு அந்த ஆண்டு கணிதம் இல்லை, அவ்வளவுதான். க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதம் தவறினால் உயர்தரத்துக்கான கதவு எவ்வளவு ஒடுங்கும் என்பதைப் பெற்றோருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

வெளி மாவட்டத்திலிருந்து நியமனம் பெற்று வருபவர்கள் கட்டாய சேவைக் காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்கிறார்கள். அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். கைக்குழந்தையை யாழ்ப்பாணத்தில் தாயிடம் விட்டுவிட்டு விடியற்காலை பஸ் ஏறி, ஏ-9 வீதியில் இறங்கி, அங்கிருந்து உள்வீதிக்கு இன்னொரு வாகனம் பார்த்து வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்ற வகைப்படுத்தலும் அதற்கான படியும் இருக்கின்றன. ஆனால் அந்தப் படி அறை வாடகைக்கே போதாது. அவர்கள் போன பிறகு அந்த வகுப்பை ஏற்பது யார்? அதே ஊரில் பிறந்து, அதே பாடசாலையில் படித்த தொண்டர் ஆசிரியர். இடமாற்றம் கேட்காத ஒரே ஆசிரியர் அவர்தான். சம்பளம் இல்லாத ஒரே ஆசிரியரும் அவர்தான்.

2022இலிருந்து இந்த வெற்றிடம் இன்னும் அகன்றது. வெளிநாட்டு வேலைக்குப் போக விரும்பும் அரச ஊழியருக்கு ஐந்து ஆண்டு வரை சம்பளமற்ற விடுமுறை அனுமதிக்கப்பட்டது. அந்த ஆண்டு முடிவில் அரச சேவையில் கட்டாய ஓய்வு வயது 60 ஆக்கப்பட்டு, பலர் ஒரே நாளில் வெளியேறினர். போனவர்களின் இடத்துக்கு ஆட்கள் உடனடியாக வரவில்லை.

பணம் எங்கிருந்து வரும்? நாடே கடனில் இருக்கிறதே?

கடன் உண்மை. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு தொடங்கிய நான்காண்டு வேலைத்திட்டத்தின் கீழ் அரசின் செலவுக்குக் கடும் கட்டுப்பாடு இருக்கிறது. புதிய நியமனம் எதற்கும் திறைசேரியின் அனுமதி வேண்டும். இதைக் கணக்கில் எடுக்காமல் கோரிக்கை வைப்பது பொறுப்பான செயலல்ல.

நடைமுறையை முதலில் விளங்கிக்கொள்வோம். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி தேசிய பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சின் கீழும், ஏனைய பாடசாலைகள் மாகாணத்தின் கீழும் வருகின்றன. மாகாணப் பாடசாலைக்கு ஆசிரியரை நியமிப்பது மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழு. ஆனால் சம்பளப் பணம், நிதி ஆணைக்குழுவின் பரிந்துரையின்பேரில் கொழும்பிலிருந்து மாகாணத்துக்கு வருவது. வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின்னர் ஆளுநரே நிருவாகத்தை நடத்தி வருகிறார். ஆகவே எங்கள் பெற்றோர் வலயக் கல்விப் பணிமனைக்கு முன்னால் நின்று கேட்கும் பணம் அந்தப் பணிமனையில் இல்லை, கைதடியில் உள்ள மாகாண அலுவலகங்களிலும் முழுதாக இல்லை.

எனினும், நாங்கள் கேட்பது ஆளணியில் இல்லாத புதிய பதவிகள் அல்ல. ஒரு பாடசாலைக்கு அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் ஆளணி பத்து என்றால், அதில் எட்டுப் பேர் நிரந்தரமாக இருந்து மிகுதி இரண்டு பாடங்களைத் தொண்டர்கள் எடுக்கிறார்கள் என்றால், அந்த இரண்டு இடமும் ஏற்கனவே அரசு ஏற்றுக்கொண்ட இடங்கள். வெற்றிடமாக விட்ட ஒவ்வொரு மாதமும் அந்தச் சம்பளம் மிச்சமாகிறது. அந்த மிச்சத்தை உண்டாக்குபவர் 5,000 ரூபாய் பெறும் தொண்டர். அனுமதிக்கப்பட்ட வெற்றிடத்தில் கற்பிப்பவருக்கு மட்டும் முதலில் கொடுங்கள் என்று கேட்டால், அது புதிய கடன் அல்ல.

வெளிநாட்டில் உள்ள பழைய மாணவர்கள் உதவுகிறார்களே, அது போதாதா?

உதவுகிறார்கள், கனடாவிலும் இங்கிலாந்திலும் பிரான்சிலும் இருக்கும் உறவுகளின் பணத்தில்தான் பல ஊர்களில் தொண்டர் ஆசிரியருக்கு ஏதாவது கிடைக்கிறது. அவர்களுக்கு நன்றி. ஆனால் பெரிய பாடசாலைக்கு நூறு பழைய மாணவர் இருப்பார்கள், காட்டோரத்துச் சிறிய பாடசாலைக்கு ஒருவரும் இருக்கமாட்டார். மேலும், அனுப்புபவருக்கு வேலை போனால் இங்கே ஒரு வகுப்பு நிற்கிறது. அந்தப் பணத்தில் ஓய்வூதியமும் இல்லை, பிரசவ விடுமுறையும் இல்லை. 1945 ஒக்டோபரிலிருந்து இலவசக் கல்வியை உரிமையாக ஏற்றுக்கொண்ட நாட்டில் ஆசிரியரின் சம்பளம் ஒருவருடைய இரக்கத்தில் தங்கியிருக்கக் கூடாது.

சம்பளத்தைக் கூட்டினால் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்களா?

கூட்டினால் மட்டும் படிப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன். இந்தோனேசியாவில் 2005ஆம் ஆண்டின் ஆசிரியர் சட்டத்துக்குப் பின்னர், சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களுக்கு அடிப்படைச் சம்பளத்துக்குச் சமமான மேலதிகப் படி வழங்கப்பட்டது. அதை நுணுக்கமாக அளந்து பார்த்த ஆய்வு ஒன்று, ஆசிரியர்களின் பண நெருக்கடி குறைந்தது, இரண்டாவது வேலை செய்வோர் குறைந்தனர், ஆனால் மாணவர்களின் பெறுபேறு குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை என்று கண்டது. இந்த முடிவை எங்கள் தரப்பினர் மறைக்கக் கூடாது.

ஆனால் அங்கே ஆய்வு செய்யப்பட்டது, ஏற்கனவே நிரந்தரமாக இருக்கும் ஆசிரியருக்குக் கூடுதலாகக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பது. வன்னியில் கேள்வி வேறு. இங்கே ஆசிரியர் வகுப்பில் நிற்பாரா, நடு ஆண்டில் விட்டுவிட்டு ஆடைத் தொழிற்சாலைக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுவாரா என்பதே கேள்வி. ஒரே ஆண்டில் மூன்று ஆசிரியர் மாறிய ஏழாம் வகுப்பை எனக்குத் தெரியும். மூன்று பேரும் நன்றாகக் கற்பித்தவர்கள்தான். மூவரும் பின்னத்தை முதலிலிருந்து தொடங்கினார்கள், ஒருவரும் அட்சரகணிதத்துக்குப் போய்ச் சேரவில்லை.

தகுதியில்லாதவர்களையும் உள்ளே எடுக்கச் சொல்கிறீர்களா?

இல்லை. சர்வதேசத் தொழில் அமைப்பும் யுனெஸ்கோவும் 1966இல் ஏற்றுக்கொண்ட ஆசிரியர் அந்தஸ்துப் பரிந்துரை, ஆசிரியரின் சம்பளம் ஒத்த தகுதி கேட்கும் வேறு தொழில்களின் சம்பளத்தோடு ஒப்பிடும்போது சாதகமாக இருக்க வேண்டும் என்கிறது; அதே பரிந்துரை ஆசிரியருக்கு முறையான பயிற்சியையும் கேட்கிறது. இரண்டையும் சேர்த்தே நாங்களும் ஏற்கிறோம். வவுனியாவில் தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது, கோப்பாயில் ஆசிரியர் கலாசாலை இருக்கிறது, வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட்டிலிருந்து தனிப் பல்கலைக்கழகமாகவும் ஆகிவிட்டது. கற்பித்துக்கொண்டிருப்பவருக்குப் பயிற்சி கொடுங்கள், பரீட்சை வையுங்கள், தேறாதவரை நிறுத்துங்கள். ஆனால் தகுதியில்லை என்று சொல்லிச் சம்பளத்தை மறுத்துக்கொண்டு, அதே ஆளிடம் அடுத்த நாளும் நாற்பது பிள்ளைகளை ஒப்படைக்க வேண்டாம்.

தொண்டர் ஆசிரியராக இருப்பவர் இப்போது என்ன செய்ய வேண்டும்?

ஆவணம். இதைத்தான் நான் யாரைக் கண்டாலும் முதலில் சொல்வேன். எங்களுக்கு நேர்முகப் பரீட்சை வைத்தபோது, எத்தனை ஆண்டு கற்பித்தீர்கள் என்று கேட்கவில்லை. எத்தனை ஆண்டுக்கு எழுத்தில் ஆதாரம் இருக்கிறது என்றே கேட்டார்கள். எனக்கு முன்னால் அமர்ந்திருந்த அக்கா போர்க்காலத்திலும் இடம்பெயர்ந்த ஊர்களில் மரத்தடியில் வைத்துக் கற்பித்தவர். 2009 வரையான அவருடைய வரவுக் கொப்பிகள் எல்லாம் இறுதிப் போர் நடந்த மாத்தளனுக்கு இந்தப் பக்கம் எங்கேயோ பதுங்குகுழியில் கிடக்கின்றன. அதிபரும் இல்லை, பாடசாலைக் கட்டடமும் இல்லை. அவருடைய பெயர் பட்டியலில் வரவில்லை. அவருக்கு வயதெல்லையும் கடந்துவிட்டது.

ஆகவே, கடமையைத் தொடங்கும் நாளில் அதிபரிடம் சொல்லிப் பாடசாலைச் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் உங்கள் பெயரையும் திகதியையும் பாடத்தையும் பதியச் செய்யுங்கள். ஒவ்வொரு ஆண்டும் உங்கள் பெயர் உள்ள நேரசூசியில் அதிபரின் ஒப்பமும் முத்திரையும் பெற்றுப் பிரதியெடுத்து வையுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் காசு தந்தால், சிறு தொகையாக இருந்தாலும் பற்றுச்சீட்டில் ஒப்பமிட்டு ஒரு பிரதி கேளுங்கள். வரவுக் கொப்பியைக் கைத்தொலைபேசியில் மாதாமாதம் படமெடுத்து, ஊரில் ஒருவரிடமும் வெளியூரில் ஒருவரிடமும் அனுப்பி வையுங்கள். எங்கள் கொப்பியை நான் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். நேர்முகப் பரீட்சை அன்று அதிகாரி அதைப் புரட்டி, ஏழு வருடமும் இழுக்கப்பட்ட அந்தச் சிவப்புக் கோடுகளைப் பார்த்துவிட்டுத்தான் என் படிவத்தில் ஒப்பமிட்டார்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் மூன்று விடயங்களைக் கேட்டுக் கூட்ட அறிக்கையில் எழுதச் செய்யுங்கள்: எங்கள் பாடசாலைக்கு அனுமதிக்கப்பட்ட ஆளணி எத்தனை, இன்று நிரந்தரமாக இருப்பவர் எத்தனை, எந்தெந்தப் பாடத்தைத் தொண்டர் எடுக்கிறார். அதிபர் பதில் சொல்லத் தயங்கினால் கோபிக்க வேண்டாம். அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வலயக் கல்விப் பணிமனையின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை, பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு தகப்பன், மூன்றாம் வகுப்பு வரை படித்த வயற்காரர், மகளைக் கொண்டு எழுதுவித்து அந்த மூன்று கேள்விகளையும் அனுப்பினார். வந்த பதிலைப் பாடசாலை வாசலில் உள்ள அறிவித்தல் பலகையில் ஒட்டினார். ஆளணியில் மூன்று வெற்றிடம் என்று அதில் இருந்தது. அடுத்த கூட்டத்துக்கு, வழக்கமாக வராத தாய்மாரும் வந்து முன்வரிசையில் இருந்தார்கள்.